யுரேனிய ஆலை இருந்த இடத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் பர்கூர் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது, பர்கூரில் ஒரு சின்ன ஜவுளிக் கடையும் வைத்திருக்கிறோம். மகள் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். முடித்திருக்கிறாள். கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மூடிப்போன யுரேனிய ஆலை இருந்த இடத்தைச் சுத்தம் செய்வதற்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாரிக்கும் குழுவில் சேரச் சொல்கிறார்களாம். யுரேனியம் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். நெஞ்சில் தூசி அடைத்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் "கதிர்வீச்சு வேலையாமே" என்று இழுக்கிறார்கள். இந்த வேலையில் ஆபத்து உண்டா? விஷம் என்று தெரிந்த பிறகு அள்ளிப் போட வேண்டியதுதானே, அதற்கு எதற்கு வருஷக்கணக்கில் ஆய்வு? கோலாரில் சயனைடு மேடுகள் அப்படியே கிடக்கின்றன, அங்கே ஏன் இப்படி ஒன்றும் நடக்கவில்லை? இன்னொன்று, எங்கள் போர்வெல் தண்ணீரிலும் யுரேனியம் இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அம்மா, மகளின் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். அது ஓடுகிற ஆலை அல்ல, எப்போதோ மூடிய ஆலையின் இடம். ஆய்வறிக்கைக் குழு என்றால் முக்கால்வாசி நேரம் மேசை வேலைதான். கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளைப் படிக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், பழைய கோப்புகளைக் கிளற வேண்டும், பொதுமக்கள் எழுதிக் கேட்டதற்குப் பதில் தயாரிக்க வேண்டும். நான் ஓசூரில் உட்கார்ந்து செய்வதும் இதே வகை வேலைதான். யுரேனியத்துக்குப் பதில் எனக்குக் கிரானைட் குவாரியும் தொழிற்சாலைகளும். காலில் மண் படுவதைவிடக் கண் எரிச்சல்தான் அதிகம்.

ஆனாலும் இடத்துக்கே போகாமல் ஆய்வு எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதனால் அங்கே என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாங்கூழ் ஆலையில் கூழ் டின்னில் அடைபட்டு ஊர் ஊராகப் போய்விடும், தோலும் கொட்டையும் வாசலில் மலையாகக் குவியும். யுரேனிய ஆலையும் அப்படித்தான். ஒரு டன் தாதுவை அரைத்து, அமிலமோ காரமோ விட்டுக் கரைத்தால் கிடைக்கும் யுரேனியம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோதான். மிச்சமெல்லாம் மணலும் சேறுமாக வெளியே வரும். யுரேனியத்தை எடுத்துவிட்டார்களே, மிச்சம் வெறும் மண்தானே என்று தோன்றும். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்தக் கழிவு மண்ணில்தான் தங்குகிறது. யுரேனியம் சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல்களான தோரியம்-230, ரேடியம்-226 இரண்டையும் ஆலை தொடுவதில்லை என்பதே காரணம். ரேடியத்தின் அரையாயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். தோரியத்தின் அரையாயுள் ஏறக்குறைய 75,000 ஆண்டுகள். ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இந்த மண் ஒருவருக்குக் கெடுதல் செய்வது தூசியாக மூச்சில் போகும்போது, ரேடானாக மூச்சில் போகும்போது, பக்கத்தில் நிற்பவர் மேல் நேரடியாகக் கதிர் படும்போது. திறந்த வெளியில் ரேடான் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். அடைத்த அறையிலும் காற்றோட்டமில்லாத சுரங்கத்திலும்தான் அது சேரும். தூசிக்கு முகக்கவசமும் தண்ணீர் தெளிப்பும் இருக்கின்றன. நேரடிக் கதிருக்குத் தூரமும் நேரமும்தான் மருந்து. குறைந்த நேரம் நிற்பது, தள்ளி நிற்பது, அவ்வளவுதான். மண் சுமக்கும் வேலையாட்களுக்கே இந்த ஏற்பாடுகளை வைத்து வருஷக்கணக்கில் வேலை நடக்கிறது. ஆய்வுக்காக எப்போதாவது போய் வருபவருக்குப் படுவது அதிலும் குறைவு.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் நெஞ்சில் அடைத்தது கல் தூசி. அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். தங்கவயலின் ஆழச் சுரங்கங்களில் வேலை செய்த பல குடும்பங்களுக்கு இந்த நோய் தெரியும். அமெரிக்காவிலும் இதே கதை யுரேனியத்தில் நடந்திருக்கிறது. 1950களில் காற்றோட்டமே இல்லாத சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களில் பலர், அதிலும் நவஹோ பழங்குடி மக்கள், நுரையீரல் புற்றுநோயில் செத்தார்கள். 1990இல்தான் அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க அங்கே சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளர்களையும் தாது லாரி ஓட்டியவர்களையும் அதில் சேர்க்க 2000 வரை ஆனது. ஆகவே உங்கள் பயம் மூடநம்பிக்கை இல்லை. ஆனால் அவர்கள் மூச்சில் போன தூசியும் ரேடானும் எவ்வளவு என்று அன்று அவர்களுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. இன்று உங்கள் மகளுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை இருக்கிறது, அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

எதைக் கேட்பது? களத்துக்கு எத்தனை நாள் போக வேண்டியிருக்கும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் கொடுப்பார்களா, அதில் பதிவான அளவை வருஷா வருஷம் எழுத்தில் தருவார்களா, போவதற்கு முன் பயிற்சி உண்டா. அமெரிக்காவில் கதிர்வீச்சு வேலை செய்பவருக்கு ஆண்டு உச்சவரம்பு 50 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது). நம் நாட்டில் ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20. உலகத்தில் எந்த வேலையும் செய்யாமல் வீட்டில் இருப்பவருக்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சராசரியாக ஆண்டுக்கு 2.4 வந்து சேர்கிறது. ஒரு பெண் ஊழியர், தான் கருவுற்றிருப்பதை எழுத்தில் தெரிவித்தால், அந்தக் கர்ப்ப காலம் முழுவதற்கும் சேர்த்து வரம்பு 5 மில்லிசீவர்ட்டாக இறங்கிவிடும். தெரிவிப்பதும் தெரிவிக்காததும் அவர் இஷ்டம். இதை உங்கள் மகள் இப்போதே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் இவ்வளவு கணக்கும் சொல்ல வேண்டாம். கதிர்வீச்சு தொற்றுநோய் இல்லை, வேலை பார்த்தவரிடமிருந்து வீட்டில் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்ளாது. நீண்டதூர விமானத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஆண்டுக்குச் சில மில்லிசீவர்ட் சேரத்தான் செய்கிறது. விமானப் பணிப்பெண்ணை யாரும் இந்தக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லியும் இழுத்தால், அவர்கள் இழுப்பதற்கு வேறு காரணம் இருக்கும்.

சரி, "அள்ளிப் போட வேண்டியதுதானே" என்ற கேள்வி. அதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. அள்ளலாம் அம்மா, எங்கே போடுவது? சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கலாம், ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கலாம். ரேடியத்தை எரித்தாலும் ரேடியம்தான், கரைத்தாலும் ரேடியம்தான். யுரேனிய இடத்தைச் சுத்தம் செய்வதென்றால் கழிவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றி, அங்கே காவல் வைப்பது என்று பொருள். எந்த இடம், எந்த வழியாக, யார் காவல், எத்தனை காலம். இதை முடிவு செய்யத்தான் ஆய்வு.

யோசிக்காமல் அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் மகள் போகிற ஊரே சாட்சி. கிராண்ட் ஜங்ஷனில் ஊருக்குள்ளேயே ஒரு யுரேனிய ஆலை இருந்தது. அதன் கழிவு மண் பார்ப்பதற்கு நல்ல மணல் மாதிரி இருந்தது, விலையும் இல்லை. 1950களிலிருந்து 1966 வரை ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக எடுத்துப் போய் வீட்டு அஸ்திவாரத்துக்கும் நடைபாதைக்கும் தோட்டத்துக்கும் போட்டார்கள். அப்புறம் வீடுகளுக்குள் ரேடான் சேர்வது தெரிந்தது. தரையைப் பெயர்த்து அந்த மண்ணைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 4,000க்கும் மேற்பட்ட மனைகள். அந்த அனுபவமும், இன்னும் பல ஊர்களில் கேட்பாரற்றுக் கிடந்த மேடுகளும் சேர்ந்துதான் 1978இல் யுரேனிய ஆலைக் கழிவுக்கென்றே அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. மூடிவைக்கும் கட்டமைப்பு முடிந்தவரை 1,000 ஆண்டு, எப்படியும் 200 ஆண்டுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்று அதன் கீழ் வந்த விதி சொல்கிறது.

ஆய்வு எப்படி முடிவையே மாற்றும் என்று பார்க்க, கிராண்ட் ஜங்ஷன் வழியாக ஓடும் கொலராடோ ஆற்றில் கீழே போய் யூட்டா மாநிலத்து மோவாப் ஊரைப் பார்க்கலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் படிக்கும் வழக்கு இது. 1956இல் தொடங்கிய ஆலை, 1984இல் ஓட்டம் நின்றது. ஆற்றங்கரையிலிருந்து வெறும் 750 அடி தள்ளி, 130 ஏக்கரில், 1 கோடியே 60 லட்சம் அமெரிக்க டன் கழிவு மண் மேடாக நின்றது. அடியில் தளம் எதுவும் போடவில்லை, எல்லாம் வெறும் தரை மேல் கொட்டியது. அம்மோனியாவும் யுரேனியமும் நிலத்தடி நீர் வழியாக ஆற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தன. அந்த ஆற்றில்தான் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் இனங்கள் இருந்தன. கீழே பல மாநிலங்களில் கோடிக்கணக்கானவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

இந்த ஒரே மேட்டுக்கு இரண்டு முறை ஆய்வு நடந்தது. இரண்டிலும் வந்த முடிவு வேறு வேறு.

முதலாவது, ஆலை நிறுவனத்தின் கையில் இடம் இருந்தபோது நடந்தது. இருக்கிற இடத்திலேயே மேலே மூடிவிடுகிறோம் என்று நிறுவனம் திட்டம் கொடுத்தது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் அதைப் பரிசீலித்து, 1999இல் ஏற்கத்தக்கதுதான் என்றது. அதற்குள் நிறுவனம் திவாலாகிவிட்டது. அடுத்து நாடாளுமன்றம் சட்டம் போட்டு இடத்தை அரசின் எரிசக்தித் துறை தலையில் கட்டியது. துறை முதலிலிருந்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கியது. 2004 நவம்பரில் வரைவு, 2005 ஜூலையில் இறுதி அறிக்கை, செப்டம்பரில் முடிவு. மேட்டை முழுவதுமாக அங்கிருந்து எடுத்து, சுமார் 48 கிலோமீட்டர் வடக்கே கிரெசென்ட் ஜங்ஷன் என்ற இடத்தில் குழி வெட்டிப் புதைப்பது என்று தீர்மானித்தார்கள். கிட்டத்தட்ட கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற தூரம்.

ஏன் மாறியது? அதே மேடு, அதே ஆறு, அதே ரேடியம். மாறியது கேட்ட கேள்வி. முதல் ஆய்வின் மையம் நிறுவனம் கொண்டுவந்த திட்டம், கேள்வி "இது பரவாயில்லையா?" இரண்டாவது ஆய்வு "இருக்கிற வழிகளில் எது நல்லது?" என்று கேட்டது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும், அங்கேயே மூடினால் என்ன ஆகும், வேறு மூன்று இடங்களுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொண்டுபோவதிலும் லாரியா, ரயிலா, குழாயில் சேறாக அனுப்புவதா என்று தனித்தனிக் கணக்கு. அப்படி வைத்த பிறகு பல விஷயங்கள் தானாக வெளியே வந்தன.

அங்கேயே மூடுவதுதான் செலவு குறைவு. ஆனால் ஆறு இடம் மாறும். என்றைக்காவது ஒருநாள் அந்த மேட்டின் மேலேயே ஓடும், அது ஏறக்குறைய நிச்சயம் என்று அந்த நாட்டு அறிவியல் அகாதமியின் குழு 2002இலேயே சொல்லியிருந்தது. தென்பெண்ணை கரை மாறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரியில் ஏற்றினால் ஊர்ச் சாலையில் வருஷக்கணக்கில் நெரிசலும் விபத்தும். தெற்கே வைட் மேசா என்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ஆலைக்குக் குழாயில் அனுப்பலாம் என்றால், வழியெல்லாம் பழங்குடி மக்களின் தொன்மையான இடங்கள், ஆலைக்குப் பக்கத்திலேயே யூட் பழங்குடிக் குடியிருப்பு. கிரெசென்ட் ஜங்ஷனில் ஆள் நடமாட்டம் குறைவு, ரயில் பாதை ஏற்கெனவே இருந்தது, அடியில் தண்ணீர் எளிதில் இறங்காத கனமான களிப்பாறை இருந்தது. வரைவு அறிக்கையில் துறை எதையும் தன் தேர்வு என்று அறிவிக்கவில்லை. மக்களிடமும் மாநிலங்களிடமும் கேட்ட பிறகே அறிவித்தது. 1,600 போலக் கருத்துகள் வந்தன. அவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் அச்சிட்டே வைத்தார்கள். எதெது உறுதியாகத் தெரியாது, தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் அறிக்கையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான். நம் ஊர் அறிக்கைகளில் தெரியாதது என்று ஒன்று இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்வதில்லை.

2009 ஏப்ரலில் கழிவு மண் ஏற்றிய வண்டிகள் நகரத் தொடங்கின. அள்ளி முடிக்கப் பதினைந்து ஆண்டுக்கு மேல். இதற்கு நடுவே நிலத்தடி நீரை இறைத்து, கசிவை ஆற்றுக்குப் போகவிடாமல் தடுக்கும் வேலை தனியாக 2003இலிருந்து ஓடுகிறது. அது முடிய 75, 80 ஆண்டு பிடிக்கும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு. ஆக ஆய்வுக்கு ஆன காலம் நீங்கள் நினைப்பதுபோலக் கடத்திய காலம் இல்லை. வேலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம்தான்.

காவல் விஷயத்தை விட்டுவிட்டேன். புதைத்து மூடிய இடங்களை வருஷா வருஷம் போய்ப் பார்க்க எரிசக்தித் துறைக்குள் 2003இல் தனி அலுவலகமே வைத்தார்கள். அதன் பெரிய கிளை ஒன்று கிராண்ட் ஜங்ஷனில் இருக்கிறது, உங்கள் மகளுக்கு அங்கே அடிக்கடி வேலை இருக்கலாம். மூடிய இடங்களில் அடையாளத்துக்கு நடுவது கிரானைட் கல். நம் மாவட்டக் கல்லோ என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் கல் நிற்கும், எழுத்து நிற்குமா? நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வயல்களில் ஆயிரம் வருஷம் தாண்டிய நடுகற்கள் நிற்கின்றன. அதிலிருக்கும் வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? "இங்கே தோண்டாதே" என்பதை 75,000 ஆண்டு அரையாயுள் உள்ள ஒன்றுக்கு எழுதிவைப்பதில் இருக்கிற சங்கடம் இதுதான். இதற்கு எந்த அறிக்கையும் முழு விடை சொன்னதில்லை.

அடுத்து கோலார். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியது. பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த பாறைத் தூள். சயனைடு மேடு என்று பெயர் நிலைத்துவிட்டாலும், சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடும். தங்குவது நுண்ணிய சிலிக்கா தூசியும், கந்தகம் கலந்த தாதுத் துகள்களும், உலோகங்களும்தான். ஆடிக்காற்றில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து விழுவதை உங்கள் சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஏன் அங்கே ஆய்வு இல்லை? நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது புதிதாக ஒன்றைக் கட்ட, தோண்ட, விரிவாக்க அனுமதி கேட்பவர் செய்ய வேண்டியது. அதற்கென மத்திய அரசு வெளியிட்ட 2006 அறிவிக்கையின் அமைப்பே அப்படி. பழையதைச் சுத்தம் செய்ய யாரும் அனுமதி கேட்டு வருவதில்லை, அதனால் ஆய்வும் தொடங்குவதில்லை. சுரங்கத்தை மூடும்போது என்ன செய்வேன் என்று திட்டம் கொடுக்க வேண்டும் என்ற விதி 2003இல்தான் வந்தது. கோலார் அதற்கு இரண்டு வருஷம் முன்பே மூடிவிட்டது. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களைக் கையாள மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் கதிரியக்கக் கழிவும் சுரங்க வேலையால் வந்த மாசும் அந்த விதிகளுக்குள் வராது. கதிரியக்கம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் போகிறது, சுரங்கம் சுரங்கச் சட்டத்திடம் போகிறது. இப்போது கோலார் மேடுகளைப் பற்றிப் பேச்சு எழுந்திருப்பதும் மிச்சத் தங்கத்தை எடுக்க ஏலம் விடலாமா என்பதற்காகத்தான். 2024இல் கர்நாடக அமைச்சரவை அதற்குச் சம்மதித்தது. ஒருவகையில் அது ஒரு வாய்ப்பு. மேட்டைக் கிளறுவதென்றால் அனுமதி வேண்டும். அனுமதி என்றால் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் தூளை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வியை எழுப்பலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு அருகில் வரும் பெரிய உதாரணம் ஒன்று கொடைக்கானல். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடியது, பாதரசம் மண்ணில் தங்கியது. அந்தச் சண்டையில் பாதி, எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம் என்பதைப் பற்றியது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று ஒரு பக்கம். சோலைக்காட்டுக்குப் பக்கத்தில் அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். ஒரு எண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்ததைப் பார்த்து அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டை அவசியமானதாகவே பட்டது. அந்த எண்தான் எத்தனை லாரி மண் போகும், எத்தனை மரம் விழும் என்பதை முடிவு செய்கிறது.

நம் மாவட்டத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஊத்தங்கரை பக்கம் சாமல்பட்டியில் கார்பனடைட் பாறை இருக்கிறது. முக்கியக் கனிமங்கள் என்ற பட்டியலில் வரும் அருமண் தனிமங்கள் இருக்கக்கூடிய வகைப் பாறை அது. புவியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைப் பார்த்துவருகிறார்கள். நாளைக்கே அங்கே சுரங்கம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. இது எனக்கு உடன்பாடில்லாத முடிவு. மற்ற திட்டங்களுக்கு நடக்கும் கூட்டங்களின் லட்சணத்தையும் நான் அறிவேன். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட், "எங்கள் பையன்களுக்கு வேலை தருவீர்களா" என்று நாலு கேள்வி, முடிந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பில் தமிழிலேயே சுருக்க அறிக்கை வரும், அதைப் பெரும்பாலும் யாரும் புரட்டுவதில்லை. புரட்டினால் மாற்று வழிகள் என்ற அத்தியாயத்தை முதலில் பாருங்கள். பல அறிக்கைகளில் அது அரைப் பக்கம்தான். "வேறு இடம் பரிசீலிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் முடிந்த அறிக்கையும் என் கைக்கு வந்திருக்கிறது. மோவாப் முதல் ஆய்வுக்கும் இரண்டாவது ஆய்வுக்கும் இருந்த வித்தியாசம் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கூட்டத்தில் பேசுவதைவிட இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் பதிவில் ஏறும், பதில் சொல்ல வேண்டிய கடமை வரும்.

மகளிடம் இதையும் சொல்லலாம். முதல் வருஷம் குழுவில் புதியவர்களிடம் பெரும்பாலும் அட்டவணை போடுகிற வேலையைத்தான் தள்ளுவார்கள். மாற்று வழிகளை ஒப்பிடும் பகுதியில் வேலை கேட்டுப் பார்க்கட்டும். நாலு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பினாலும், அந்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே குறைவு.

கடைசியாகப் போர்வெல். வாட்ஸ்அப்பில் வந்தது பாதி உண்மை. கிரானைட் வகைப் பாறைகளில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கும், ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரையக்கூடும். அதற்கு ஆலையோ சுரங்கமோ வேண்டியதில்லை. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் நம் குடிநீர்த் தரநிலையும் சொல்கின்றன. அதிகமானால் கெடுவது சிறுநீரகம். கதிர்வீச்சால் அல்ல, ஒரு கன உலோகமாக அது செய்யும் கேடு. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் செறிவாகும். நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கிவிடும்.

ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் தண்ணீரில் உறுதியாகத் தெரிந்த பிரச்சினை ஃப்ளோரைடு. பல் கறையும் எலும்பு வளைவும் பார்த்த கிராமங்கள் இங்கே பல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். எனவே சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலில், மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முதலில் ஃப்ளோரைடைப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், போர்வெல் தோப்புக்கு இருக்கட்டும். யுரேனியத்துக்குத் தனிக் கருவி வேண்டும், எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. அங்கேயே எங்கே அனுப்பலாம் என்று கேளுங்கள், அல்லது பரிசோதனை முடிவோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.